ஜூன் இருபத்து மூன்று, சிவப்பு எழுத்தில்

கண்டியில் அச்சுத் தொழிலாளர் சிலர் கூடிய ஒரு பகல் சாப்பாட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வேலையை விட்டு இத்தனை காலம் ஆனவனை நினைத்து அழைக்கிறார்களே என்று சந்தோஷம். எந்தச் சட்டையைப் போடுவது, பேசச் சொன்னால் என்ன செய்வது என்று கவலை. பேசச் சொல்லவில்லை. ஆனால் ஓர் இளைஞர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்கையில், "ராஜாவோட பொறந்தநாளைக் கலண்டர்ல பிழையா விட்டவர் இவர்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை கழுவும் இடத்தில் அவரே வந்து, கோபித்துக்கொள்ள வேண்டாம், நாங்கள் கேள்விப்பட்டது சரியோ தெரியவில்லை, நீங்களே எழுதித் தந்தால் எங்கள் மலரில் போடுவோம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறர் எழுதியதை அடுக்கத் தெரியுமே தவிர, எழுதிப் பழக்கமில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கண்டியில், மஹய்யாவையில். அப்பா நகரசபை வேலை. அவருக்கு இருமல் நோய் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் என் படிப்பு நின்றது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுவில் சரீப் முதலாளியின் அச்சுக்கூடத்தில் சேர்ந்தேன். முதலில் அச்சடித்து முடிந்த எழுத்துகளைக் கழுவி, அதனதன் அறையில் திரும்பப் போடும் வேலை. ஈகார எழுத்தை இகர அறையில் போட்டுவிட்டோமோ என்று வீட்டுக்குப் போகிற வழியில் பாதியில் திரும்பி வந்து பார்த்த நாட்கள் உண்டு. என் சுபாவம் அப்படி. பிறகு கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம் என்று அடுக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் என்னைக் கலண்டருக்கு எடுத்தார்கள்.

நாங்கள் செய்தது தினமும் ஒரு தாள் கிழிக்கிற கலண்டர். பெரிய புடவைக்கடை ஒன்று தன் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்காக வருடாவருடம் எங்களிடம் அடிப்பித்தது. தாளின் நடுவில் பெரிய எண். அதைச் சுற்றித் தமிழ் மாதம், நட்சத்திரம், ராகு காலம், இஸ்லாமிய மாதம். அடியில் 'இந்நாளில்' என்று ஒரு வரி. எந்த மன்னர் பிறந்தார், எந்த யுத்தம் நடந்தது, எந்த நாயனாருக்குக் குருபூசை, எந்தக் கிறிஸ்தவ அர்ச்சியசிஷ்டருக்குத் திருநாள் என்று அந்த ஒரு வரிக்குள் அடக்க வேண்டும். அதற்கும் கீழே பொடி எழுத்தில் எங்கள் அச்சுக்கூடத்தின் பேரும் தெருவும். வருடத்தில் உள்ள அத்தனை நாளும் ஏதாவது நடந்திருக்க வேண்டுமே! சில நாளில் இடம் போதாது. சில நாளில் உலகத்தில் ஒன்றுமே நடந்திராது. அப்படிப்பட்ட நாளுக்கு அருளப்பு மாஸ்டர் பழைய புத்தகங்களைக் குடைந்து எங்கேயோ ஒரு பூகம்பத்தையாவது கொண்டுவந்துவிடுவார்.

அருளப்பு மாஸ்டர்தான் எங்களுக்கு மேலே இருந்தவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, என்ன மனக்கசப்போ, அதை விட்டுக் கண்டிக்கு வந்து புரூஃப் பார்க்க உட்கார்ந்தவர். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். யாரையும் 'நீ' என்றதில்லை, எனக்கும் 'நீர்'தான். எங்கள் அடுக்கில் பிழை கண்டால் கூப்பிட்டுத் திட்டமாட்டார். புரூஃப் தாளை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த வரியை மட்டும் சத்தமாக வாசிப்பார். பிறகு சும்மா இருப்பார். மீண்டும் வாசிப்பார். பிழையை நாமே கண்டுபிடிக்கும் வரை எழும்பமாட்டார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயந்தே நாங்கள் பிழை விடாமல் பழகினோம். "பிழை எண்டால் அது ஆரோ ஒருவற்ற பிழை. மெசினின்ர பிழை, மழையின்ர பிழை எண்டு ஒண்டும் இல்லை" என்பார். அதே அளவுக்கு, சரியானதை யாராவது பிழை என்று சொன்னாலும் விடமாட்டார். முதலாளியோடுகூட ஒருமுறை ஒரு நட்சத்திரத்துக்காக வாதாடி, பஞ்சாங்கத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

கறுப்பை முதலில் அடித்துவிடுவோம். விடுமுறை நாட்களுக்கு மட்டும் சிவப்பு. அதற்குத் தனியாக எழுத்து அடுக்கி, அதே தாளை இரண்டாம் முறை மெசினுக்குக் கொடுக்க வேண்டும். சிவப்பு நாட்களின் புரூஃபை மாஸ்டர் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். கலண்டரைப் பார்த்து வேலைக்குப் போகிறவர்களும் போகாமல் இருப்பவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பார். நோன்புப் பெருநாளுக்கு மட்டும் சிவப்போடு 'பிறை பார்த்து' என்று சேர்ப்போம். முதலாளி அதில் கண்டிப்பு. வானத்தில் இருக்கிறதை நாம் இங்கே ஈயத்தில் முடிவு கட்டுகிறதா என்று கேட்பார்.

முப்பத்தாறாம் வருடம் தை மாதத்தில் இங்கிலாந்தின் பழைய மன்னர் இறந்துபோனார். கலண்டர் எல்லாம் சுவர்களில் ஏறிவிட்டது. அதில் அவர் பிறந்த நாளான ஜூன் மூன்று சிவப்பில் இருந்தது. மூத்த மகன் மன்னராக வந்தார். அவர் பிறந்தது ஜூன் இருபத்து மூன்று. அந்த வருடம் முழுக்க எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும், உங்கள் கலண்டரில் செத்தவருக்குப் பிறந்தநாள் வருகிறதே என்று பகிடி பண்ணினார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மறுவருடக் கலண்டருக்கு அவர் அரசாங்க ஆபீசுக்கு, கந்தோருக்கு, நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஜூன் இருபத்து மூன்று, புதன்கிழமை, மாட்சிமை தங்கிய மன்னர் பிறந்த நாள், விடுமுறை. நான்தான் அடுக்கினேன். 'இந்நாளில்' வரிக்கு அதே தேதியில் நடந்த பிளாசி யுத்தத்தைப் போட்டோம். வெள்ளைக்காரனுக்கு வங்காளத்தைக் கொடுத்த யுத்தமும் வெள்ளைக்கார ராசாவின் பிறப்பும் ஒரே தாளில் வருவது பொருத்தந்தான் என்று மாஸ்டர் சொன்னார். அவர் பகிடி சொல்வது அபூர்வம்.

தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கலண்டர் கட்டுகளைத்தான் நாங்கள் முதலில் கட்டுவது. கார்த்திகை மழையில் மலைப்பாதை சரிந்தால் லொறி போகாது. ஆகவே நவம்பரிலேயே தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய பக்கத்துக் கட்டுகள் போய்விட்டன. டவுனுக்கு உரியவை பைண்டிங் அறையில் அடுக்காக இருந்தன.

டிசம்பரில், இரண்டாம் வாரம் இருக்கும், முதலாளி பத்திரிகையைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மாஸ்டர், ராசா வேலய உட்டுட்டாராம்."

மாஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. "எந்த ராசா?"

"நம்மட ராசாதான். ஒரு பொம்புளக்காகவாம். தம்பிதான் இனி ராசாவாம். ராசாவும் வேலய உட்டுட்டுப் போற ஈக்குதா மாஸ்டர்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். பத்திரிகையை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். பிறகு எழும்பிப் பைண்டிங் அறைக்குப் போய், அடுக்கியிருந்த கலண்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு யாரைப் பிடிப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. ராஜாவைப் பிடிக்க முடியாது. அடுக்கினவனைப் பிடிக்கலாம் அல்லவா?

டவுன் கலண்டர்களைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அந்தத் தாளின் சிவப்பை மறைக்கும் அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு, அதில் கறுப்பில் 23 என்று மட்டும் அடித்து, கட்டைப் பிரித்து அந்தத் தாளைத் தேடிப் பிடித்து ஒட்டினோம். ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை. மலைக்குப் போனவற்றுக்கு என்ன செய்வது என்று நான் மாஸ்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். புடவைக்கடைக்காரர் தோட்டத்து ஆட்களுக்குத் தாமே சொல்லிவிடுவதாக முதலாளியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். சொன்னாரோ, மறந்தாரோ. கிறிஸ்து பிறப்பு, நத்தார் வியாபார நேரம் அது.

மறுவருடம் மே மாதம் புதிய மன்னருக்கு முடிசூட்டு விழா. கண்டி முழுக்க விளக்கு. எனக்கு மட்டும் ஜூன் மாதக் கவலை. இருபத்து மூன்றாம் தேதி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன் என்று நினைவு.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்காக மெசினை நிறுத்தியிருந்தோம். முதலாளி பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மாஸ்டரும் நானும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோட்டத்துச் சேலைக்கட்டு. காலெல்லாம் செம்மண். மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, பிரித்து, இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள்.

"இது நீங்க அடிச்சதுதானுங்களா? அடியில பேரு இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு படிச்சுச் சொன்னாரு."

சிவப்பு இருபத்து மூன்று. நான் சோற்றை மூடிவிட்டேன்.

அவள் பேர் ராமாயி. ஹுன்னஸ்கிரிய பக்கத்து ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். கணவர் முத்துக்கருப்பன் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுபவர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அந்த லயத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். காலையில் எல்லோரும் வேலைக்குப் புறப்படும் முன் கலண்டரில் தாளைக் கிழித்து, நட்சத்திரத்திலிருந்து யுத்தம் வரை சத்தமாகப் படிப்பாராம். அதைக் கேட்டுவிட்டுத்தான் லயத்துக்குப் பொழுது விடியுமாம். முதல்நாள் அந்தியிலேயே அவர் அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்து, நாளைக்கு ராஜா பிறந்தநாள், லீவு என்று சொல்லியிருக்கிறார். போன வருடமும் அதே தேதியில்தான் லீவு கிடைத்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முடிசூட்டுக்கு ஒரு லீவு, பிறந்தநாளுக்கு ஒரு லீவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்க வந்து நின்றிருக்கிறார். ஒரு ஆளும் வரவில்லை. ஜனங்களோ குளித்து முழுகி, மாரியம்மன் கோயிலில் ராஜா பேருக்கு அர்ச்சனை பண்ணி, தப்படித்துக்கொண்டு, மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரையின் பங்களாவுக்கு ஊர்வலம் போயிருக்கிறார்கள். மன்னர் பிறந்தநாளுக்குத் துரைக்கு மாலை போடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். ஆளில்லாக் களத்தில் நின்றுவிட்டு வந்தவருக்கு முன்னால், பதவியைப் போட்டுவிட்டுப் போன மன்னருக்காகத் தப்புச் சத்தம். வெள்ளைக்காரர்கள் அந்தப் பேரை வாயில் எடுக்கவே கூசிய காலம் அது. வேலைநிறுத்தமும் செய்து, கேலியும் செய்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்டாராம். முத்துக்கருப்பன் தாளோடு முன்னால் போய், நான்தான் படித்தேன் என்றாராம். சம்பளத்தன்று இரண்டு பேருக்கும் பத்துச்சீட்டு, லயத்தைக் காலி பண்ண வேண்டும் என்று துரை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு நீக்குகிற சீட்டு. கலகக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டு போகிறவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார்.

"அவரு இல்லாதத ஒன்னும் படிக்கல. இருந்ததத்தான் படிச்சாரு. அத வந்து தொரகிட்ட சொல்லிட்டுப் போங்க. வேற ஒன்னும் கேக்கல" என்றாள் ராமாயி.

மாஸ்டர் தாளை வாங்கினார். பிளாசி யுத்தம் வரை படித்தார்.

"எங்கட தாள்தான், பிள்ளை. ஆனா பிழையான தாள் இல்லை. இது மலைக்குப் போகேக்க அவர்தான் ராசா. ராசா போனது பிறகு."

"அதையே சொல்லுங்க சாமி."

"ஓம். சொல்லத்தான் வேணும். வாறன்."

தொழுகை முடிந்து வந்த முதலாளி முழுவதையும் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். போய் வரச் சொன்னார். ஆனால் புடவைக்கடைக்காரரின் பேரை மட்டும் துரையிடம் எடுக்க வேண்டாம், அவருக்கு அந்தத் தோட்டங்களில்தான் வியாபாரம் என்று கேட்டுக்கொண்டார். மாஸ்டர் அதற்கும் ஓம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரும் வாரும், சன்னாசி. அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குப் பிடிபடாது."

மறுநாள் சனிக்கிழமை காலை பஸ். ராமாயி முன்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் வெள்ளைக் கோட்டு, சால்வை. பஸ் தெல்தெனிய தாண்டி ஏறத் தொடங்கியது. துரை போலீசைக் கூப்பிடுவாரா, ராஜ துரோகம் என்பார்களா, அப்பாவுக்கு யார் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பது என்று என்னென்னவோ ஓடியது. மாஸ்டர் ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்தபடி, தாம் இங்கிலீஷில் சொல்லப்போவதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை தோட்டத்துக் கந்தோரில் இருந்தார். பெரிய வயதில்லை. எங்களுக்குக் கதிரை தரவில்லை, மாஸ்டருக்கும் தரவில்லை. முத்துக்கருப்பனை ஆள் விட்டு அழைத்து ஓரமாக நிறுத்தினார்கள். ஒல்லியான, நெடிய மனிதர். எங்களை நேராகப் பார்த்தார். மாஸ்டர் இங்கிலீஷில் பேசினார். எனக்கு விளங்கியது கொஞ்சம்; மிச்சத்தை அவர் பிறகு சொன்னார். கலண்டர் எப்போது அடித்தோம், அரசாங்கக் கந்தோரில் கேட்டது, எப்போது மலைக்கு அனுப்பினோம் என்று ஒழுங்காகச் சொல்லி, அச்சிட்ட நாளில் இந்தத் தாளில் ஓர் எழுத்தும் பிழையில்லை, ஐயா என்று முடித்தார்.

துரை கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் தணிந்த மாதிரித்தான் இருந்தது. அதன் பிறகு, எங்கள் எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்றோ என்னவோ, தோட்டத் தமிழில் பேசினார்.

"நான் எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. தப்பு செஞ்சவன் ஒருத்தன் இருக்கான்னு. இப்ப சும்மா விட்டா நாளைக்கு எவன் பெரட்டுக்கு வருவான்? கலண்டர் சரின்னா இவன் தப்பு. கலண்டர் தப்புன்னா இவன் சரி. எது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார். கலண்டர் பிழை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது அவருக்கு வராது என்று எனக்குத் தெரியும். அவ்வளவு காலம் அவரோடு இருந்திருக்கிறேன். புடவைக்கடையின் பேரை எடுத்தாலும் போதும். அதற்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நிமிடம் போய்க்கொண்டிருந்தது. துரை பேனாவை எடுத்தார்.

"தப்பு கலண்டர்லதான் தொரே" என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

துரை என்னைப் பார்த்தார். மாஸ்டரும் திரும்பினார்.

"ராசா மாறினதும் செவப்பு மேல ஒட்டுறதுக்கு வெள்ளத் துண்டு அடிச்சோம் தொரே. இந்தத் தோட்டத்துக் கட்டுக்கு ஒட்டுற வேல என்னோடது. ஒட்டாம அனுப்பிட்டேன். மறந்துட்டேன். இவரு என்ன பண்ணுவாரு? இருந்ததத்தான் படிச்சாரு."

சற்று முன்தான் மாஸ்டர் துரைக்கு மாதங்களை வரிசையாகச் சொல்லியிருந்தார். மன்னர் போனதற்கு முந்தியே கட்டு வந்து சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத நீ எல்லாருக்கும் சொல்லு."

சனிக்கிழமை கொழுந்து நிறுக்கிற நேரம். கூடையோடு பெண்கள், கத்தியோடு ஆண்கள், எல்லோரும் தராசைச் சுற்றி நின்றார்கள். கணக்கப்பிள்ளை சத்தம் போட்டு அடக்கினார். நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். எத்தனையோ வருடம், ஒரு பிழை பிடிபட்டு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டி வருமே என்று பயந்து பயந்து வேலை செய்தவன் நான். அன்றைக்கு அங்கே நின்று, செய்யாத பிழையைச் சொன்னபோது, குரல் நடுங்கவில்லை. இன்றைக்கும் ஏன் என்று விளங்கவில்லை. ராமாயி முன்வரிசையில் நின்றாள். கட்டு எப்போது போனது என்று மாஸ்டர் வாயாலேயே கேட்டவள். நான் சொல்லத் தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

சொல்லி முடித்தேன். பத்துச்சீட்டு இல்லை என்று துரை சொன்னார். போகாத நாளுக்குப் பேர் இல்லை, அன்றைய சம்பளம் மட்டும் கிடையாது, அவ்வளவுதான் என்றார். ஜனங்களுக்கு மூச்சு வந்தது.

முத்துக்கருப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். கிட்ட வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ படிச்சவன்தானே?"

"அஞ்சாம் வகுப்புண்ணே."

"நான் அதும் இல்ல. கோயில் பூசாரிகிட்ட மண்ணுல எழுதிப் பழகினவன். அச்சுல இருந்தா அது சரியா இருக்கும்னு நம்பி இந்த லயத்துக்கே படிச்சுச் சொல்றேன். நீ ஒரு துண்டு காயிதத்த ஒட்ட மறந்துட்டு அங்க குந்திக்கிட்டு இருக்க. என் ரெண்டு புள்ளைங்க ரோட்டுக்கு வந்திருக்கும். எங்கம்மாவத் தூக்கிக்கிட்டு எங்கடா போவேன்? ஒனக்கெல்லாம் எவன் வேல குடுத்தான்?"

சுற்றி நின்றவர்களில் சிலர் அவர் கேட்டதையே முணுமுணுத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போதும், விடுங்க" என்று ராமாயி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிக்கொண்டு இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவருக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி பிற்காலத்தில் கேட்டதுண்டு. எப்படிச் சொல்வது? அவர் அந்த லயத்துக்கே படித்துச் சொல்கிறவர். வாயில் ஒரு விஷயம் நிற்காது. நான் சொன்னது அன்று அந்தியில் எல்லார் வாயிலும், மறுநாள் காலையில் துரையின் காதிலும் இருக்கும். பிழை யாரோ ஒருவருடையதாக இருந்தால்தான் அவர் அங்கே குடியிருக்கலாம்.

திரும்பி வரும்போது தெல்தெனியவில் பஸ் நின்றது. இறங்கி ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்தோம். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீர் அதைச் சொல்லும்வரை நான் பார்த்துக்கொண்டு நிண்டன்" என்றார்.

"மாஸ்டர் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

"முடியாது எண்டு இல்லை. வாய் வரேல்லை. அது வேற." தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

விஷயம் புடவைக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. கவனமில்லாதவன் இனித் தன் கலண்டரைத் தொடக்கூடாது என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, தனக்கு எல்லாம் தெரியும், ஆனால் வெளியில் சொல்ல ஏலாது, பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வருடம் கலண்டர் வேலை நடந்த மாதங்களில் நான் கல்யாணப் பத்திரிகைதான் அடுக்கினேன். ஆனால் சிவப்பு நாட்களின் புரூஃப் வந்த அன்று, மாஸ்டர் தான் பார்த்து முடித்த தாளைக் கொண்டுவந்து என் எழுத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். கண்ணைக் காட்டிலும் பிழையை எதிர்பார்க்கிற மனம்தான் அந்த வேலைக்குத் தேவை. அது என்னிடம் தாராளமாக இருந்தது. அவர் இருந்த வரை வருடாவருடம் அப்படியே நடந்தது.

வருடாவருடம் இன்னொன்றும் நடந்தது. டிசம்பர் மாதம் புடவைக்கடையில் கலண்டர் கொடுக்கத் தொடங்கியதும், முத்துக்கருப்பன் ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறி வந்து லயத்துக்கு ஒன்று வாங்கிக்கொள்வார். வாங்கிய கையோடு எங்கள் அச்சுக்கூடத்துக்கு வருவார். என்னை வாசலுக்குக் கூப்பிடுவார். கட்டைப் பிரித்து, ஆறாம் மாதத்தைத் தூக்கி, எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளி இருபத்து மூன்றில் நிறுத்துவார். சாதாரணக் கறுப்பு எண். அதை உரக்கப் படிப்பார். அடியில் இருக்கும் யுத்தத்தையும் படிப்பார்.

"இந்த வருசம் ஒழுங்காப் பாத்தியா?"

"பார்த்தேண்ணே."

"எல்லாத் தாளும்?"

"எல்லாத் தாளும்."

ஒரு வருடம் ராமாயியும் கூட வந்திருந்தாள். மூத்த பையனுக்குச் சட்டைத் துணி எடுக்க வந்தார்களாம். அவர் வழக்கம்போல என்னை நிறுத்திவைத்துக் கேட்க, "அவரு பாத்திருப்பாருங்க. எங்களுக்கெல்லாம் சேத்துப் பாக்கிறவரு அவரு. வாங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ சும்மா இரு. ஒனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அவர் மீண்டும் முதல் தாளிலிருந்து தொடங்கினார்.

அதில் பிழை இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், அவர் கடைசித் தாளைப் புரட்டி முடிக்கும் வரை நெஞ்சு அடித்துக்கொண்டுதான் நின்றேன்.